குடித்துப் பார்த்துச் சொன்னவர்

அக்கா தலையில் ஒரு பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கியதைத்தான் நான் முதன்முதலில் கண்டேன். மூன்றாவது படியில் கடகம் மேலே போட்டிருந்த பனங்குற்றியில் இடித்தது. ஏறி வந்தார். "இன்னும் ஒரு சாண் ஆழமாத் தோண்ட வேணும்" என்று மண்வெட்டியோடு நின்றவரிடம் சொன்னார். அடுத்த கிழமை வரப்போகும் வெளிநாட்டு வைத்தியர் ஆறடிக்கு மேலே வளர்ந்தவர் என்று அறிவித்திருந்தார்கள். அக்கா ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. மிச்ச உயரத்துக்குத்தான் அந்தக் கடகம்.

"கோலால அளந்து தோண்டினால் காணாதோ?" என்று கேட்டேன்.

"குண்டு விழேக்கை ஆரும் அளந்து குனியிறேல்லை மாஸ்ரர். ஓடித்தான் இறங்குவினம்" என்றார். பங்கரைத் தோண்டி முடித்ததும் மறுபடி கடகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, இந்தமுறை முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து இறங்கினார். இடிக்கவில்லை. நான் அங்கே வேலை கேட்டுப் போனவன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு எனக்கு வரவேயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். மின்சாரம் இல்லை, ரயில் இல்லை, மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து கிடைத்தது. இருந்த வைத்தியர்களில் பலர் வெளியேறிவிட, உதவிக்கென்று வெளிநாட்டு வைத்தியர்களும் தாதிமாரும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று வந்து போனார்கள். நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அவர்கள் தங்க ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அந்த விடுதியின் முழுப் பொறுப்பும், எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்ட அவரிடம். அதற்கு முன் மிஷன் பெண்கள் பாடசாலை ஒன்றில் விடுதிப் பொறுப்பாளராக இருந்தவர். கலியாணம் செய்யவில்லை. கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நான் காங்கேசன்துறைப் பக்கத்தில் கணக்குப் படிப்பித்தவன். இடம்பெயர்ந்து, நீர்வேலியில் மாமனார் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை நம்பி என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்தை விட்டு அக்கா போன ஆகக்கூடிய தூரம் கண்டி என்று நினைக்கிறேன். அதுவும் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை. ஆனால் உலகம் சுற்றி வந்தவர்களெல்லாம் அவர் முன்னால் கைகட்டி உட்கார்ந்து, இந்த நாட்டில் எப்படி நடப்பது, எப்படி உண்பது, எப்படிப் படுப்பது என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் அவரிடம் இருந்த ஒரு பிடிவாதம். தன் உடம்பில் செய்து பார்க்காத எதையும் அவர் இன்னொருவருக்குச் சொல்லமாட்டார்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த புத்தகங்கள் தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லின. விறகு கிடைக்காத ஊரில் தினமும் கொதிக்கவைக்க முடியுமா என்று அந்தப் புத்தகங்களுக்குத் தெரியாது. கொதித்தாறிய தண்ணீர் எத்தனை நாள் பழுதாகாமல் இருக்கும் என்று அக்கா பார்க்கத் தொடங்கினார். பானையில் மூடிவைத்து, முதல் நாள் ஒரு கோப்பை, இரண்டாம் நாள் ஒரு கோப்பை என்று குடித்துக்கொண்டே போனார். ஐந்தாம் நாள் மதியம் நான் போனபோது ஆளைக் காணவில்லை. வெகுநேரம் கழித்து வளவின் பின்பக்கமிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"நாலு நாள் மாஸ்ரர். அதுக்கு மேலை வைக்கப்படாது" என்றார், பரீட்சை முடிவை வாசிப்பதுபோல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு நாலு நாள். என்ரை வயிறு உந்தத் தண்ணியிலை பழகின வயிறு. அவைக்கு ரெண்டு நாள் எண்டு எழுதுங்கோ" என்றார்.

விடுதிக்கென்று ஒரு பழைய கார் இருந்தது. நாலு துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகை உள்ளே அடித்து, வந்தவர்களெல்லாம் பாதி வழியில் இறங்கி வாந்தியெடுத்தார்கள். அக்கா நாலு தரம் கொடிகாமச் சந்தைக்கு அந்தக் காரில் போய்வந்தார். ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். சந்தையில் ஒரு தேங்காய்கூட வாங்கவில்லை. பின் இருக்கையில் இடப்பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார வேண்டும், தேசிக்காய் ஒன்றை நகத்தால் கீறி அந்த எலுமிச்சை வாசம் வர மூக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் வாந்தியெடுக்கவில்லை.

சைக்கிளில் அவர் ஏறியதே நாற்பத்தாறு வயதில். பெண் தாதிமார் பாவாடையோடு குறுகிய ஒழுங்கைகளின் மணலில் சைக்கிள் ஓடவேண்டி வந்தபோது, எங்கே சறுக்கும், துணி சங்கிலியில் எங்கே சிக்கும் என்று அறியவேண்டுமாம். நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஊரே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. மூன்று இடத்தில் விழுந்தார். பிறகு புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முழங்கால் தழும்பைக் காட்டி, அது எந்த வளைவில் வாங்கியது என்றும் சொல்லி அனுப்புவார்.

மனிதர்களோடு பழகுவது எப்படி என்பதையும் அப்படித்தான் சோதித்தார். ஒரு நாள் மத்தியானம் தான் சோறு பிசைந்து தின்னும்போது தன்னைக் கேளாமல் படம் எடுக்கும்படி ஒரு வைத்தியரிடம் சொல்லி வைத்திருந்தார். படம் எடுக்கப்பட்டது. அக்கா கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தார். "மூஞ்சையிலை ஆரோ துப்பின மாதிரி இருக்கு. கேளாமல் படம் எடுக்கப்படாது எண்டு போடுங்கோ." நான் போட்டேன்.

எல்லாவற்றையும் நான் தட்டச்சில் அடித்து வைத்திருந்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இரண்டு பக்கத் தாள் அது. இடக்கையால் எதையும் நீட்டாதீர்கள். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதென்று சொல்லாதீர்கள், நாவூறு பட்டுவிடும் என்று தாய் பயப்படுவாள். புறப்படும்போது 'போறன்' என்று சொல்லாதீர்கள், 'போட்டு வாறன்' என்று சொல்லப் பழகுங்கள். முடியாததை முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களுக்கு அது மரியாதைப் பேச்சு, கேட்டவருக்கு அது நாள் பார்த்துக் காத்திருக்கும் விஷயம். இப்படி இருபத்துமூன்று. அவற்றில் ஆறாவது, வெளியில் எங்கே போனாலும் உங்கள் போத்தல் தண்ணீரை மட்டும் குடியுங்கள் என்பது. யார் எதைக் குடிக்கத் தந்தாலும் சிரித்து, நெஞ்சில் கையை வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இருபத்துமூன்றிலும் இதுவே மிகச் சாதாரணமான விதி என்று நான் நினைத்திருந்தேன்.

நான் சேர்ந்து இரண்டு வருடமானபோது மகப்பேற்றுத் தாதி ஒருவர் வந்தார். தாதிமாரை எங்கள் பக்கத்தில் மிஸி என்போம். இந்த மிஸி சின்ன உருவம், வெயிலில் சிவந்த கன்னம், சொன்னதைச் சொன்னபடி செய்கிற குணம். தாளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நானும் அவரும் சைக்கிளில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்போம்.

விடுதியிலிருந்து அரை மைல், ஒரு பனங்காணியைத் தாண்டினால் ஒரு குடியிருப்பு. பனையேறிக் கள்ளுச் சீவலும் கூலிவேலையும் செய்யும் குடும்பங்கள். அவர்களை எங்கள் ஆட்கள் எந்தச் சொல்லால் அழைப்பார்கள் என்பதை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. எங்கள் கிணற்றில் அவர்கள் அள்ளக் கூடாது. அவர்கள் வீட்டில் நாங்கள் கை நனைக்கக் கூடாது, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இரண்டு வருடமாக வேலை விஷயமாக அங்கே போய்வந்த எனக்கு, போகும்போதெல்லாம் ஓர் இளநீர் வெட்டித் தருவார்கள். இளநீருக்குள் அவர்கள் கை படவில்லை, அதனால் எங்களுக்கு அது ஆகும். அவர்கள் தேநீர் தரமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். சொந்த வீட்டை விட்டு உடுத்த துணியோடு ஓடிவந்த நான், இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். அது எனக்குத் தெரியக்கூட இல்லை. நல்ல உபசரிப்பு என்று நினைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டு வருவேன்.

அங்கே ஒரு பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து செத்துப்போயிருந்தது. மிஸி வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நோவு தொடங்க முன்னமே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வீட்டில் வைத்திருந்தால் இரண்டு உயிரும் போகலாம் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த வீட்டில் முடிவெடுப்பவர் மாமியார், கறுத்து மெலிந்த கிழவி. "கார் அனுப்புங்கோ, வியாழக்கிழமை கொண்டுபோவம்" என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தேநீர் வந்தது. எனக்கு வழக்கம்போல இளநீர். மிஸிக்குப் புதுக் கோப்பை, அடியில் தட்டு. சீனி காணக் கிடைக்காத காலத்தில் சீனி போட்ட தேநீர். வெள்ளைக்காரிக்கு எங்களுடைய பழக்கங்கள் இல்லை, அவள் குடிப்பாள் என்று நம்பிப் போட்டிருக்கிறார்கள். மிஸி சிரித்தார். நெஞ்சில் கையை வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தன் போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். கிழவி மிஸியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காரோடு போனபோது வேலிப் படலை கயிற்றால் கட்டியிருந்தது. கூப்பிட்டேன். கிழவியின் குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

"அவள் வரேல்லை. எங்கடை மருத்துவிச்சியே பாத்துக்கொள்ளுவா. நீங்கள் போட்டு வாங்கோ."

எவ்வளவு கூப்பிட்டும் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. என்ன நடந்ததென்று மிஸி என்னைக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். நாளைக்கே நோவு தொடங்கலாம் என்று சொல்லி, வரும் வழியெல்லாம் அழுதார்.

விடுதியில் அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தேத்தண்ணி தந்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"மிஸி குடிக்கேல்லை."

"உங்கடை ஆறாவது விதி அக்கா."

கத்தியைக் கீழே வைத்தார். "நீங்கள் குடிச்சனீங்களோ?"

"எனக்கு இளநி தந்தவை."

"எப்பவும் இளநியோ?"

"எப்பவும் இளநிதான்."

அக்கா என்னை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த விதியை மட்டும் நான் செய்து பாக்கேல்லை எண்டு நினைச்சன் மாஸ்ரர்" என்று மெதுவாகச் சொன்னார். "பிறந்த நாள் துவங்கி அதைத்தானே செய்துகொண்டு வாறன்."

அடுத்தநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மிஸியை வரவேண்டாம் என்றுவிட்டார். கையில் போத்தல் இல்லை. பனங்காணி மணலில் வேர்க்க வேர்க்கச் சைக்கிள் மிதித்தோம். படலை அன்றும் கட்டியேயிருந்தது. அக்கா ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"அம்மா, தண்ணி விடாய்க்குது. கொஞ்சம் தண்ணி தருவியளோ?" என்று கூப்பிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஆட்கள் அந்தக் கிழவியை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், எங்கள் பிள்ளைகள்கூட. கிழவி வெளியே வந்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பெடியனை இளநி புடுங்கச் சொல்லுறன்."

"இளநி வேண்டாம் அம்மா. தண்ணி தாங்கோ."

கிழவி படலையடிக்கு வந்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். புதுக் கோப்பையை எடுக்கவில்லை. அடுப்படியில் கிடந்த, விளிம்பு உடைந்த கோப்பை ஒன்றில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். அது சோதனை என்று எனக்கே விளங்கியது. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றவில்லை. உடைந்த விளிம்பிலேயே வாயை வைத்து, ஒரு மூச்சில் குடித்து முடித்தார். "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினார். இரண்டாவது கோப்பையையும் குடித்தார். கிழவி அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸி குடிக்காததுக்கு நான்தான் காரணம்" என்றார் அக்கா. "குடிக்க வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்தது நான். அவவின்ரை வயித்துக்கு எங்கடை ஊர்த் தண்ணி பிடிக்காது. என்ரை வீட்டுத் தண்ணியையும் காய்ச்சித்தான் குடுக்கிறன்."

"அவ வேறை தேசத்து ஆள். அவவுக்கு ஒண்டும் தெரியாது. அதிலை எனக்குக் கோபமில்லை" என்றார் கிழவி. பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியாருக்கு வயித்திலை என்ன வருத்தம்?"

நான் அக்காவைப் பார்த்தேன். எனக்காக ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மறைக்கப் போவதில்லை. படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், ஒரு கிழவியின் ஒரு கேள்விக்கு முன்னால் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவருக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான் அம்மா" என்றார் அக்கா. "நான் பிறந்து வளர்ந்தது உந்தப் பனங்காணிக்கு அங்காலை. நாப்பத்தேழு வயசாகுது. உங்கடை படலைக்குள்ளை வந்தது இண்டைக்குத்தான். நான் வேதக்காரி. ஞாயிறு ஞாயிறு எல்லாரும் ஒண்டெண்டு சொல்லிக் கும்பிட்டுப் போட்டு வாறனான். உங்களிட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்லை. அந்தப் பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. எங்களிலை உள்ள கோபத்துக்கு அவளைப் பலி குடுத்துப் போடாதேங்கோ."

கிழவி அக்காவின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு போய் மூன்றாவது தடவையும் நிரப்பினார். கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். என் கை எழுந்தது, நின்றது, பிறகுதான் மறுபடி எழுந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வாங்கினேன். அக்கா வாய் வைத்த இடத்திலேயே வாயை வைத்தேன். பாதிதான் குடித்திருப்பேன், கிழவி உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பிள்ளை, உன்ரை உடுப்பை எடுத்து வை. கார் வரும்."

அன்று பின்னேரமே அந்தப் பெண்ணைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். கூடவே மாமியாரும் போனார். போன மூன்றாம் நாள் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மிஸி அந்தச் செய்தியைக் கொண்டுவந்து அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா ஆறாவது விதியைத் திருத்தச் சொன்னார். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் தந்தால், எந்த வீடாக இருந்தாலும், முதலில் அதைக் குடியுங்கள், வேலையைப் பிறகு பாருங்கள். அப்படியே அடித்தேன்.

எத்தனையோ பெரியவர்களைப் பிறகு சந்தித்திருக்கிறேன். மேடையில் சமத்துவம் பேசிக் கைதட்டு வாங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். தன் பிழையைத் தானே தேடிக் கண்டுபிடித்து, அதைச் சம்பந்தப்பட்டவரின் படலைக்கே கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஒருவரை அக்காவுக்கு முன்னும் பின்னும் நான் காணவில்லை. அந்த அதிசயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அவரை நினைக்கும்போது முதலில் வருவது அந்த வீட்டு முற்றம் அல்ல. அங்கிருந்து திரும்பி வந்த வழி.

பனங்காணியின் நடுவில் அக்கா திடீரென்று சைக்கிளை விட்டு இறங்கினார். காய்ச்சாத தண்ணீர், அதுவும் இரண்டு கோப்பை. எனக்குப் பயம் வந்தது.

"வயித்தைப் பிரட்டுதோ அக்கா?"

"இல்லை."

வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். குடியிருப்பின் ஓலைக்கூரைகள் பனைகளுக்கிடையே தெரிந்தன.

"நல்ல தண்ணி மாஸ்ரர்" என்றார். "உவர் இல்லை. ஒரு மணம் இல்லை. எங்கடை வளவுக் கிணத்திலும் பாக்க நல்ல தண்ணி."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அங்கேயே மணலில் குந்தி, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். நான் இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.